கிணற்றுப் பூதமும் பதினேழு பிள்ளைகளும்

மண்ணரை, திருப்பூர்
9-6-2025

கர்த்தருக்குள் அன்பான தங்கை அன்புசெல்விக்கு,

அண்ணன் டேனியல் எழுதுவது. நானும் உன் அண்ணியும் பாப்பாவும் தேவகிருபையால் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? வாங்கிக் கொடுத்த எண்ணெயைத் தடவுகிறாயா, அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறாயா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடத்துகிற ஞாயிறு ஓய்வுநாள் பள்ளி சம்பந்தப்பட்டது எதுவானாலும் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டவனே நான். சபைச் செயலரே அதை மீறினால் நன்றாக இருக்காது. தவிர, போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய்.

விஷயம் இதுதான். நீ பிள்ளைகளுக்கு ஏதோ கிணற்றுப் பூதம் கதை சொல்கிறாயாம். மூன்று பெற்றோர் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பையன் குளியலறைக்குத் தனியாகப் போக மறுக்கிறானாம். மற்றவர்களை விடு, நம் பாப்பாவே தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குகிறாள். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குப் பூதம் எதற்கு? வேதத்தில் கதைக்கா பஞ்சம்? இனிமேல் பூதம் வேண்டாம் என்று கமிட்டி சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. வருகிற வெள்ளிக்கிழமை, 13ஆம் தேதி, எங்கள் பனியன் கம்பெனி ஹாஸ்டலிலிருந்து வழக்கம்போல் பதினேழு பிள்ளைகள் சபை மண்டபத்துக்கு ஜெபநாளுக்காக வருகிறார்கள். டிரைவர் தங்கராஜ் எட்டரைக்குக் கொண்டுவந்து விடுவான். மாலை ஆறு மணிக்குத் திரும்ப வேன் வரும். மதியத்துக்குத் தக்காளி சாதம், தயிர் சாதம் கம்பெனி செலவில் வந்துவிடும். வெள்ளிக்கிழமை உங்கள் காதர்பேட்டைக் கடை விடுமுறைதானே, நீயே பார்த்துக்கொள். ரோட்டில் லாரிப் போக்குவரத்து அதிகம், கேட்டைப் பூட்டியே வை. அந்தப் பிள்ளைகளுக்கும் பூதம் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன் டேனியல்
(சபைச் செயலர்)


ஊத்துக்குளி
15-6-2025

அன்புள்ள அண்ணனுக்கும் மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கும்,

இரண்டு பேருக்கும் ஒரே கடிதம் போதும் என்று நினைக்கிறேன். தபால் செலவு மிச்சம். அண்ணிக்கு வெண்ணெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன், இன்றே உருக்கிவிடச் சொல்லுங்கள்.

முதலில் செயலருக்குப் பதில். வேதத்தில் கதைக்குப் பஞ்சம் இல்லை, பூதத்துக்கும் பஞ்சம் இல்லை. ஏழு தலை வலுசர்ப்பம் அங்கே வருகிறது. உங்கள் பெயரைக் கொண்ட தீர்க்கதரிசியே சொப்பனத்தில் நாலு மிருகங்களைக் கண்டு முகம் வேறுபட்டுப் போனார். அவரிடம் எந்தக் கமிட்டி விளக்கம் கேட்டது?

என் பூதத்தைப் பற்றித் தப்பாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கொம்பு கிடையாது, கோரைப்பல் கிடையாது. ஊர்க் கிணற்றுக்குள் இருந்துகொண்டு மரியாதையாகப் பேசும். யாரிடமும் பெரிதாக எதையும் கேட்காது. ஒருவரிடம் கயிறு மட்டும் கேட்கும். ஒருவரிடம் வெளியூர்க்காரர் வந்தால் இருமிக் காட்டச் சொல்லும். ஒருவரிடம் கதவை மட்டும் சாத்தச் சொல்லும். எல்லோரும் ஆளுக்கு ஒரு சின்ன வேலை செய்கிறார்கள், ஊரில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஊரில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. இதுதான் கதை. பிசாசு கொம்போடுதான் வருவான் என்று நாம் சொல்லிக்கொடுத்துவிட்டால், கொம்பில்லாமல் வருகிறவனைப் பிள்ளைகள் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பார்கள்? 'வாங்க சார்' என்று நாற்காலி போடுவார்கள்.

இனி அண்ணனுக்கு. வெள்ளிக்கிழமை நல்லபடியாக நடந்தது. உங்கள் சொல்லை மீறவில்லை, நான் பூதக் கதை சொல்லவே இல்லை. ஒரு கிணறு, அதற்குள் ஒரு பூதம், மீதியை நீங்களே சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன். பிறகு தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, முத்துப்பேச்சி, எழுந்து நின்றாள். "அது எந்நேரமும் முழுங்காதுக்கா. ஆளு எண்ண வாராவன்னா மட்டும் எங்கள முழுங்கிரும். எண்ணி முடிச்சு அவிய போன பொறவு முழுசாத் துப்பிரும்" என்றாள்.

எல்லாப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் சட்டென்று அடங்கிவிட்டார்கள். பக்கத்திலிருந்தவள் முத்துப்பேச்சியின் கையைக் கிள்ளியதைப் பார்த்தேன். எண்ண ஆள் வரும்போது மட்டும் விழுங்கும் பூதத்தை நான் எங்கேயும் கேட்டதில்லை. எவ்வளவு புத்தி அந்தப் பெண்ணுக்கு. ஆண்டுவிழாவில் இதை நாடகமாகப் போடலாமா என்று யோசிக்கிறேன். முதலாளிக்கும் அழைப்பு வைத்தால் சந்தோஷப்படுவார்.

முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் அலமாரியில்தான் இருக்கிறது.

உங்கள்
அன்பு


மண்ணரை
18-6-2025

அன்புள்ள அன்புசெல்விக்கு,

கடிதம் கிடைத்தது. வெண்ணெய் கிடைத்தது.

நாடகம் வேண்டாம். முதலாளிக்கு அழைப்பு வேண்டாம். ஹாஸ்டல் பிள்ளைகளைக் கதை சொல்ல வைக்க வேண்டாம். பாட்டு, ஜெபம், சாப்பாடு, தூக்கம், அவ்வளவு போதும். அவர்கள் அறியாத பிள்ளைகள், வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அதற்கெல்லாம் நீ அர்த்தம் தேடாதே. உன் கடிதத்தைக் கமிட்டிக் கோப்பில் வைக்கவில்லை, நீயும் என் கடிதத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

மழைக்கு முன் உன் வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றிவிடு. ஆள் அனுப்புகிறேன்.

டேனியல்


ஊத்துக்குளி
6-7-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அர்த்தம் தேடாதே என்று நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நான் தேடியிருக்கவே மாட்டேன். நாடகத்துக்கு வேஷம் தைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

போன வாரம் எங்கள் கடைக்கார நஸ்ருதீன் பாய் பேச்சுவாக்கில், உங்கள் கம்பெனியில் பதின்மூன்றாம் தேதி வெளிநாட்டுக் கஸ்டமர் ஆள் அனுப்பி வேலை செய்கிறவர்களை எண்ணிப் பார்க்கிற ஆடிட் சுத்தமாக முடிந்ததாம், பெரிய ஆர்டர் வருதாம், உங்க அண்ணனுக்குக் கொண்டாட்டம்தான் என்றார். அன்றைக்கே மண்டபப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். இந்த வருஷம் ஜெபநாள் மூன்று. ஜனவரியில் ஒன்று, மார்ச் ஏழில் ஒன்று, ஜூனில் ஒன்று. மார்ச் ஏழு அம்மாவின் நினைவு ஜெபம். ஆடிட் இருக்கிறது, வரமுடியாது என்று நீங்கள் அன்றைக்குப் போன் செய்தீர்கள். மண்டபத்தில் ஜெபநாள் என்று நானும் ஜெபத்துக்குத் தாமதமாகத்தான் போனேன். ஆடிட்டும் ஜெபநாளும் ஒரே நாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

தங்கராஜைக் கேட்டேன். "உங்க அண்ணனையே கேட்டுக்கங்க அம்மிணி" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதனால் இன்று ஆராதனை முடிந்ததும் நேராக ஹாஸ்டல் வாசலுக்குப் போனேன். சர்ச் அக்கா என்று உள்ளே விட்டார்கள். முத்துப்பேச்சி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் கட்டைவிரலில் காய்ப்பு இருக்கிறது, பனியனில் நூல் பிசிர் வெட்டுகிற கத்தரியால் வந்தது. உனக்கு என்ன வயது என்று கேட்டேன்.

"கம்பெனில பதினெட்டுக்கா. வீட்ல பதினாலு" என்றாள்.

காலை எட்டரைக்கு வேலை தொடங்கினால் எப்போது விடுவார்கள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. சரக்கு கப்பலேறும் வாரத்தில் உட்காரவே விடமாட்டார்களாம். ஜெபநாள் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்குமாம், அன்றைக்கு மட்டும்தான் தூங்கலாமாம்.

உங்களைச் சொல்லும் முன் என்னைச் சொல்லிக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் பதினேழு பிள்ளைகள் ஏன் என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவர்களைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் என்று நானே நினைத்துக்கொண்டேன். சபை ஆண்டறிக்கையில் கம்பெனிக்கு நன்றி எழுதியவள் நான். கேட்டைப் பூட்டியவள் நான். பூதத்தின் வாய்க்குள் உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்கக் கதை சொல்லிக்கொண்டிருந்தவளும் நான்தான். அண்ணா, எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஞானஸ்நானத்தில் பிசாசையும் அவன் கிரியைகளையும் வெறுத்துவிடுகிறோம் என்று சொல்கிறோம். பிசாசை வெறுப்பது சுலபம், அவனை நாம் யாரும் நேரில் பார்த்ததில்லை. கிரியைகளுக்குத்தான் வேன் வருகிறது, சாப்பாட்டுப் பொட்டலம் வருகிறது.

நான் எழுதியது தப்பு என்றால் தப்பு என்று எழுதுங்கள். நம்பத் தயாராக இருக்கிறேன்.

அன்பு


மண்ணரை
10-7-2025

அன்புசெல்விக்கு,

தப்பு என்று எழுத முடியாது. ஆனால் நீ நினைக்கிற மாதிரியும் இல்லை.

அந்தப் பிள்ளைகளை யாரும் கடத்திக்கொண்டு வரவில்லை. பெற்றவர்களே அழைத்து வந்து, வயதைக் கூட்டி எழுதிய காகிதத்தையும் கொடுத்து, வேலை போட்டுக் கொடுங்கள் என்று காலில் விழுகிறார்கள். நாங்கள் திருப்பி அனுப்பினால் ஊருக்கா போவார்கள்? தகரக் கூரை போட்ட ஏதாவது ஒரு சின்ன யூனிட்டுக்குப் போவார்கள். இங்கே ஃபேன் இருக்கிறது, மூன்று வேளைச் சாப்பாடு இருக்கிறது. ஆடிட்டில் இது வெளியே வந்தால் ஆர்டர் போகும். அறுநூற்று நாற்பது பேருக்கு வேலை போகும். அதில் நம் சபைக் குடும்பங்கள் முப்பத்தொன்று.

நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? ஆபீசில் உட்கார்ந்து ஆள் பட்டியல் எழுதுகிறேன், அவ்வளவுதான். வேனுக்கு உத்தரவு கொடுப்பது முதலாளி. ஓட்டுவது தங்கராஜ். சாப்பாடு கட்டுவது கேன்டீன். மண்டபம் கொடுப்பது சபை. கேட்டைப் பூட்டுவது நீ. இதில் என்னை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்தி ஞானஸ்நானத்தைப் பற்றிப் பாடம் நடத்துவது நியாயமா? அம்மா இருந்திருந்தால் என்னிடம் இப்படிப் பேசியிருப்பாயா?

அடுத்த ஆடிட் ஜூலை 25. மண்டபம் வேண்டும். இந்த ஒரு தடவை எனக்காகச் செய். அதற்கப்புறம் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கிறது, நான் கல் இல்லை.

டேனியல்


ஊத்துக்குளி
20-7-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பத்தியை நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். என் கதையை என்னைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். கயிறு கொடுத்தவன், இருமிக் காட்டியவன், கதவைச் சாத்தியவள், ஒருவரையும் விடவில்லை.

சின்ன யூனிட்டைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மையாக இருக்கலாம். முப்பத்தொரு குடும்பங்களின் பெயரும் எனக்குத் தெரியும், ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபித்துப் பார்த்தேன். அப்படியும் பதினேழு பேர் கண்ணிலிருந்து மறையவில்லை.

இன்று ஓய்வுநாள் பள்ளியில் கதையின் அடுத்த பாகத்தைச் சொன்னேன். கமிட்டி மன்னிக்கட்டும். பூதத்தைப் பார்த்தவர்கள் ஏன் கத்தவில்லை அத்தை என்று பாப்பா கேட்டாள். "எல்லாருக்கும் கையில ஒரு வேலை இருந்துச்சு கண்ணு. அதைப் பார்த்துக்கிட்டே இருந்துட்டாங்க" என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கத்த வேண்டியதுதானே என்றாள். நம் பாப்பா பயந்தாங்கொள்ளி இல்லை அண்ணா. தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்க்கிறவளுக்கு என்ன பயம்?

25ஆம் தேதி மண்டபத்தைத் திறக்கிறேன். பிள்ளைகளை இறக்கிக்கொள்கிறேன், சாப்பாடு போடுகிறேன். கேட்டைப் பூட்டமாட்டேன். பத்து மணிக்குக் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்வேன். அதற்குள் நீங்களே சொல்லிவிட்டால் நான் செய்ய வேண்டியிருக்காது. உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு ஆசை இல்லை. ஆனாலும் செய்வேன்.

உங்கள் தங்கை
அன்பு


மண்ணரை
3-8-2025

அன்புசெல்விக்கு,

நடந்ததை ஊரில் பலவிதமாகச் சொல்கிறார்கள். நான் சொன்னதாக ஒன்று உன்னிடம் இருக்கட்டும்.

காலை ஒன்பதரைக்கு ஆடிட்டர் அம்மா வந்தார். பெங்களூர்க்காரர், தமிழ் பேசுவார். முதல் கூட்டத்தில் எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். இங்கே வேலை செய்கிற எல்லோரும் இன்று இந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறார்களா? ஆறு வருஷமாக ஆமாங்க மேடம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்றைக்கும் கையில் பேனா இருந்தது. நீ பாப்பாவுக்குச் சொன்ன பதில் ஞாபகம் வந்தது. பேனாவைக் கீழே வைத்தேன். "இல்லீங்க மேடம். பதினேழு பேரு வெளிய இருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

இதை வீரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பத்து மணிக்கு நீ போன் செய்வாய் என்று தெரிந்துதான் சொன்னேன். ஆனால் ஒன்று உண்மை. கடவுள் பார்க்கிறார் என்று ஐம்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அது உறைக்கவில்லை. உன் கதையில் எனக்கு என்ன வேலை என்று தெரிந்தது, அது உறைத்தது.

அதிகாரிகள் மண்டபத்துக்கு வந்தபோது நீதான் கூட இருந்தாய். மறுநாள் ரயில்வே ஸ்டேஷனில் நடந்தது உனக்குத் தெரியாது. பிள்ளைகளை ஊருக்கு அனுப்பும்போது நானும் போயிருந்தேன். முத்துப்பேச்சி என்னைப் பார்த்து, "ஒங்களுக்கு நல்லவரா ஆவணும்னா எங்க பொழப்புதான் கெடச்சுதா சார்?" என்று கேட்டாள். ரயில் கிளம்பும்வரை அங்கேயே நின்றேன்.

எனக்கு வேலை போய்விட்டது. ஆர்டர் பாதி போய்விட்டது. செயலர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன், அந்தத் தீர்மானத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன். உன் அண்ணி உன்மேல் கோபமாக இருக்கிறாள். நானும்தான். தப்பு செய்தவன் நான் என்று தெரிந்தும் உன்மேல் கோபமாக இருக்கிறது. கொஞ்ச நாள் எழுதாதே.

டேனியல்


ஊத்துக்குளி
21-9-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள், ஏழு வாரம் எழுதவில்லை. என்னைப் பொறுத்தவரை அது சாதனை.

ஓய்வுநாள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இப்போது வருவதில்லை. பாப்பா வருகிறாள், ஆனால் என்னிடம் அளவாகப் பேசுகிறாள், வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல. கதையை நான் முடிக்கவில்லை. பூதம் செத்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. சாகும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன், அதையாவது அவர்கள் நம்ப வேண்டும்.

முப்பத்தொரு குடும்பங்களில் நாலு குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. மீதியில் ஒருத்தி, வேலை போன வெள்ளையம்மாள், என்னைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போகிறாள். நான் செய்தது சரிதான் என்று நினைக்கிறேன். சரியானதைச் செய்தால் நிம்மதி வரும் என்று எனக்கு யாரோ தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

உங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. கூப்பிட்டால் வருவேன்.

அன்பு


மண்ணரை
13-11-2025

அன்புள்ள அன்புவுக்கு,

செப்டம்பரில் நீ எழுதிய கடிதத்துக்குப் பதில் போடவில்லை. நாலு தடவை எழுத உட்கார்ந்தேன், கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, கடிதம் வரவில்லை. இதை அவசரமாக எழுதித் தங்கராஜிடம் கொடுத்தனுப்புகிறேன். அவனும் இப்போது வேலையில் இல்லை, வாடகை ஆட்டோ ஓட்டுகிறான்.

இன்று மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன் வந்தது. "சார், நான் முத்துப்பேச்சி" என்று குரல் கேட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஒரு மாதம் போனாளாம். பிறகு அவள் மாமா இங்கேயே திரும்பக் கூட்டிவந்து, ஊருக்கு வெளியே ஒரு யூனிட்டில் விட்டுவிட்டாராம். நான் சொன்ன மாதிரியே தகரக் கூரை. நான் சொன்னது பலித்ததில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. அவளோடு ஒன்பது பேர் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் நம் பதினேழில் உள்ளவர்கள்.

"நாளைக்கு இங்க எண்ண வாராவளாம் சார். காலைல ஒம்போது மணிக்கு எங்கள வேன்ல ஏத்தப் போறாவ. எங்கன்னு சொல்ல மாட்டங்காவ" என்றாள். இடத்தையும் வேன் நம்பரையும் சொன்னாள். இரண்டு தடவை சொல்லி, நான் எழுதிக்கொண்டேனா என்றும் கேட்டாள்.

என் எண் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். எங்கள் ஹாஸ்டல் சுவரில் ஒரு பலகை இருந்தது. புகார் இருந்தால் அழைக்கவும் என்று என் பெயரும் எண்ணும் போட்டிருக்கும். ஆடிட்டில் கேட்பார்கள் என்று நானே மாட்ட வைத்தது. தினமும் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆகிவிட்டதாம். அன்பு, ஆறு வருஷத்தில் அந்தப் பலகைக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை. இதுதான் முதல் புகார்.

குழந்தைகள் உதவி எண்ணுக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டேன். ஆள் அனுப்புகிறோம், ஒன்பதுக்குள் வரப் பார்க்கிறோம் என்றார்கள். வரப் பார்ப்பதற்கும் வருவதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். அதனால் எட்டு மணிக்கே போய் அந்த யூனிட் வாசலில் நிற்கப் போகிறேன். தங்கராஜுக்கு வழி தெரியும். வேன் வெளியே வந்தால் முன்னால் நிற்பேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். காலை ஏழு மணிக்குச் சாப்பாடு தயாராக இருக்கும் என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வர வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

வா.

உன் அண்ணன்
டேனியல்